ஆலை மூடும்போது கையில் கொடுக்கிற காகிதம்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வேலைநிறுத்தம் தொடங்கினால் போதும், அன்று இரவே தொலைக்காட்சி விவாதத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள்: "இப்படியே போனால் கம்பெனியெல்லாம் வேறு மாநிலத்துக்குப் போயிடும்." 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஆயிரம் பேருக்கு மேல் வேலையை நிறுத்தினார்கள். அக்டோபர் 15 வரை, 37 நாள் நீடித்த அந்தப் போராட்டத்தின்போதும் இந்தப் பேச்சு ஓயவில்லை. சம்பளம், வேலை நேரம் எல்லாம் கோரிக்கைப் பட்டியலில் இருந்தன. ஆனால் இழுபறி முழுக்க ஒரே விஷயத்தில்தான்: எங்கள் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள், அதை அங்கீகரித்துப் பேசுங்கள்.

போராட்டம் முதலீட்டை விரட்டிவிடும் என்கிறவர்கள், இந்த வட்டாரத்தை விட்டு உண்மையிலேயே போன இரண்டு பெரிய கம்பெனிகளின் கதையைப் பார்க்க வேண்டும்.

நோக்கியா 2005 ஏப்ரலில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டு, 2006 தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் நேரடியாக மட்டும் 8,000 பேரளவில் அங்கே வேலை பார்த்தார்கள். சார்ஜர், உறை, உதிரிபாகம் செய்த சப்ளையர்களிடம் இருந்தவர்கள் இதில் சேராது. 2013இல் வருமான வரித்துறையோடு பெரிய தகராறு வந்தது, சொத்துகள் முடக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக நோக்கியா அறிவித்தது. முடக்கம் நீங்காததால் சென்னை ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேராமல் நின்றது. மைக்ரோசாஃப்ட் கொஞ்ச நாள் ஆர்டர் கொடுத்தது, பிறகு நிறுத்தியது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி லைன் நின்றது. அங்கே முன்பு வேலைநிறுத்தங்கள் நடந்தது உண்மைதான். மூடியதற்கு அவற்றைக் கம்பெனியே காரணமாகச் சொல்லவில்லை.

ஃபோர்டு 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்றது. மறைமலைநகர் ஆலையிலிருந்து 2022 ஜூலையில் கடைசி கார் வெளியே வந்தது.

இரண்டு முடிவும் தலைமையகத்தில் எடுக்கப்பட்டவை. வரி, சந்தை, கணக்கு இவற்றை வைத்து எடுத்தவை. வாயில் கூட்டத்தில் கோஷம் போட்டவர், போடாதவர் இருவருக்கும் ஒன்றுபோலவே வேலை போனது. ஆகவே விவாதம் "கம்பெனி போய்விடுமா" என்பதிலேயே சுற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பது என் கருத்து. போகிற கம்பெனி போகும். போகும்போது யாருக்கு எவ்வளவு வைத்துவிட்டுப் போக வேண்டும், அதை எந்தக் காகிதம் தீர்மானிக்கிறது என்பதுதான் கம்பெனியின் பொறுப்பு பற்றிய கேள்வி. பொதுவெளியில் இதை யாரும் கணக்குப் போட்டுப் பேசுவதில்லை. போட்டுப் பார்ப்போம்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நான்கும் அமலுக்கு வந்துவிட்டன. பழைய தொழிற்தகராறுகள் சட்டத்தில், 100 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஆலை ஆட்குறைப்பு செய்யவோ மூடவோ அரசின் முன் அனுமதி வேண்டும் என்று இருந்தது. அந்த நான்கில் ஒன்றான தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அந்த வரம்பை 300 ஆக்கிவிட்டது. அதற்குக் கீழே இருக்கும் ஆலை, 50 பேருக்கு மேல் இருந்தால் 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, இழப்பீட்டைக் கொடுத்து மூடிக்கொள்ளலாம். 300க்கு மேல் என்றாலும், விண்ணப்பித்த 60 நாளுக்குள் அரசு பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே பொருள். எண்ணிக்கையிலும் சிக்கல் உண்டு. கம்பெனி தன் பதிவேட்டில் இருப்பவர்களை மட்டும் எண்ணிக் காட்டும். கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து எண்ண வேண்டும் என்றால் அதற்கு வழக்காட வேண்டிவரும். ஆலைகள் பற்றிய ஆண்டு ஆய்வுகளின்படி நாட்டின் ஆலைத் தொழிலாளரில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் இன்று கான்ட்ராக்டில்தான் இருக்கிறார்கள். 300 என்ற வரம்பு எத்தனை ஆலைகளைத் தொடாமலே போகும் என்பதை இதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது ஒருவரின் கணக்கு. எட்டு ஆண்டு சர்வீஸ். மொத்தச் சம்பளம் மாதம் 20,800 ரூபாய். சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் 7,800 என்று போட்டு, மீதியை வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, அந்தப்படி இந்தப்படி என்று பிரித்திருப்பார்கள். பணிக்கொடையை, அதாவது வேலையை விட்டுப் போகும்போது சர்வீஸுக்கு ஏற்ப வரும் கிராஜுவிட்டியை, பழைய வழக்கப்படி இந்த 7,800ஐ வைத்தே போடுவார்கள். 7,800ஐ மாதத்தின் வேலை நாளாக 26ஆல் வகுத்து, ஆண்டுக்கு 15 நாள் என்று 15ஆல் பெருக்கி, 8 ஆண்டால் பெருக்கினால் 36,000 ரூபாய். புதிய சட்டத்தொகுப்புகளில் ஊதியம் என்பதற்கு ஒரே வரையறைதான்: படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும். அப்படியானால் இவருடைய ஊதியம் 10,400. பணிக்கொடை 48,000. சம்பளச் சீட்டில் ஒரு வரி மாறுவதால் 12,000 ரூபாய் வித்தியாசம். செட்டில்மென்ட் கணக்கில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அடுத்தது ஆட்குறைப்பு இழப்பீடு: முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம். அரை மாத ஊதியமான 5,200 பெருக்கல் 8, அதாவது 41,600. 300 பேருக்கு மேல் உள்ள ஆலை என்றால் மூன்று மாத நோட்டீஸ், அல்லது அதற்கு ஈடான பணம்: 31,200. புதிதாக ஒன்று, மறுதிறன் நிதி: ஆட்குறைப்பு செய்யப்படும் ஒவ்வொருவருக்கும் முதலாளி 15 நாள் ஊதியத்தை அந்த நிதியில் செலுத்த வேண்டும், 45 நாளுக்குள் அது தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும். இவருக்கு 5,200. எல்லாம் கூட்டினால் 1,26,000 ரூபாய். எடுக்காத விடுப்புக்கான பணமும் போனஸ் பாக்கியும் இதற்கு மேல்.

எட்டு ஆண்டு ஷிஃப்ட் பார்த்தவருக்குச் சட்டம் கட்டாயமாக்கும் தொகை இவ்வளவுதான். ஆனால் இதுகூட முழுசாகக் கைக்கு வராமல் போவதற்கு ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் விஆர்எஸ், அதாவது விருப்ப ஓய்வுத் திட்டம்.

ஆட்குறைப்பு என்பதற்கான சட்ட வரையறையே, தொழிலாளி தானாக முன்வந்து ஓய்வு பெறுவதை விலக்கி வைக்கிறது. பழைய சட்டத்திலும் அப்படித்தான், புதியதிலும் அப்படித்தான். ஆகவே ஆலையை மூட முடிவு செய்த கம்பெனி முதலில் மூடல் விண்ணப்பம் போடாது. விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிக்கும். நோக்கியாவில் 2014இல் ஆலை நிற்பதற்குச் சில மாதம் முன்னால், ஐயாயிரம் பேரளவில் இப்படித்தான் வெளியே போனார்கள். லைன் நிற்கும்போது உள்ளே மிஞ்சியவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. ஆயிரக்கணக்கானோரை வேலையை விட்டு அனுப்புகிறோம் என்று எந்த அரசு அலுவலகத்திலும் அனுமதி கேட்கத் தேவையில்லாமல் போய்விட்டது.

விஆர்எஸ் தொகை பெரிதாகத் தெரியும். "மூன்று லட்சம்" என்பார்கள். அந்த மூன்று லட்சத்துக்குள் பணிக்கொடை சேர்ந்திருக்கிறதா, விடுப்புப் பணம் சேர்ந்திருக்கிறதா, நடப்பு மாதச் சம்பளமே சேர்ந்திருக்கிறதா என்று பிரித்துக் கேட்க வேண்டும். எப்படிப் போனாலும் வரவேண்டிய பணத்தையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் கம்பெனி உண்மையில் கூடுதலாகத் தருவது. அதற்கு ஈடாகத் தொழிலாளி விட்டுக்கொடுப்பது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். மறுதிறன் நிதி போய்விடும், அது ஆட்குறைப்புக்கு மட்டும்தான். தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐயின் வேலையிழப்பு உதவியும் போய்விடும். அடல் பெயரில் உள்ள திட்டத்தில் சராசரி தினச் சம்பளத்தில் பாதியை, வாழ்நாளில் ஒரு முறை, 90 நாள் வரை தருகிறார்கள். மேலே சொன்ன 20,800 சம்பளக்காரருக்கு அது ஏறத்தாழ 31,000 ரூபாய். ராஜீவ் காந்தி பெயரில் உள்ள திட்டம் ஆலை மூடல், ஆட்குறைப்பு ஆகியவற்றால் வேலை இழந்தவருக்கு 24 மாதம் வரை உதவி தரக்கூடியது. விருப்ப ஓய்வு என்று காகிதத்தில் இருந்தால் இரண்டுமே கிடைக்காது. இஎஸ்ஐ அலுவலகத்தில் படிவத்தோடு போய் நிற்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

கையெழுத்துப் போடும் நாளில் நடப்பதும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவராக மனிதவளத் துறை (எச்ஆர்) அறைக்குக் கூப்பிடுவார்கள். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். "யாருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனதோடு" என்று ஒரு வரி. "எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் பாக்கியில்லை" என்று ஒரு வரி. தேதி போடும் இடம் காலியாக இருக்கும். "இன்னிக்குப் போட்டா இந்தத் தொகை, நாளைக்கு வந்தா சட்டப்படிதான்" என்று சொல்வார்கள். அந்த அறையில் செய்யக்கூடியவை சில உண்டு. தேதியைத் தன் கையால் எழுத வேண்டும். தொகையை இனம் பிரித்து எழுதித் தரச் சொல்ல வேண்டும். நகல் வாங்காமல் எழக் கூடாது. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்திருப்பார்கள், படம் எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பிப் போகக் கூடாது. வற்புறுத்தி வாங்கினார்கள் என்றால், சில நாளுக்குள், மாதக்கணக்கில் தள்ளிப்போடாமல், நடந்ததை நிர்வாகத்துக்கு எழுதி ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ஒரு நகலைத் தொழிலாளர் துறைக்கும் அனுப்ப வேண்டும். பணத்தை எடுத்துச் செலவழித்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் புகார் கொடுத்தால், ஏற்றுக்கொண்டதாகவே நீதிமன்றங்கள் பார்க்கும். பழைய சட்டத்தில் தனிநபர் தகராறைக் கொண்டுபோக மூன்று ஆண்டு இருந்தது, இப்போது இரண்டு.

வருங்கால வைப்பு நிதி (பிஎஃப்) விஷயத்தில் அவசரம் செய்யும் சேதம் தனி. வேலை போன பிறகு பலர் ஓய்வூதியக் கணக்கில் உள்ள பணத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். மாத ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு சர்வீஸ் வேண்டும். எட்டு ஆண்டு முடித்தவர் பணத்தை எடுத்தால் அந்த எட்டும் அழிந்துவிடும். பிஎஃப் அலுவலகத்தின் 10சி படிவத்தில், பணத்துக்குப் பதிலாக, சர்வீஸைக் காத்துவைக்கும் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கினால், அடுத்த வேலையில் இரண்டு ஆண்டு சேர்ந்ததும் 10 நிறைந்துவிடும். மூடும் ஆலையின் எச்ஆர் இதைச் சொல்லித் தரவேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. சங்கம் இருந்தால் சொல்லித் தரும்.

சங்கம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மறைமலைநகர் ஓர் அளவுகோல். சட்டம் ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்கிறது. ஃபோர்டு தொழிலாளர்கள் 2022இல் வேலைநிறுத்தம் செய்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி முடித்தபோது, ஆண்டுக்கு நூறு நாள் சம்பளத்துக்கு மேல் என்ற கணக்கில் இழப்பீடு முடிவானது. அதே வட்டாரம், அதே சட்டம். முடிக்க வேண்டிய ஏற்றுமதி ஆர்டர் கையில் இருந்ததும், பெரும்பாலோர் ஒரே சங்கமாக நின்றதும்தான் வேறுபாடு. பல ஆண்டு பேசிப் பழகிய சங்கம் அங்கே இருந்தது. சாம்சங் தொழிலாளர்கள் சங்கப் பதிவுக்காக 37 நாள் சம்பளத்தை இழந்ததை வெறும் பிடிவாதம் என்று சொன்னவர்கள், இந்த 15க்கும் 100க்கும் உள்ள இடைவெளியை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பதிவும் எளிதில் கிடைக்கவில்லை. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் பதிவாளர் இத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று கெடு வைக்கவில்லை. உயர் நீதிமன்றம் ஆறு வாரக் கெடு விதித்த பிறகுதான், 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது.

இனி அந்த வழியும் இறுகிவிட்டது. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு எல்லா ஆலைகளுக்கும் கட்டாயம். முன்னறிவிப்பு கிடைத்ததும் சமரச அதிகாரி முதல் கூட்டத்தை நடத்தினால், அன்றிலிருந்து சமரச நடவடிக்கை தொடங்கியதாகக் கணக்கு. அது நடக்கும்போதும், முடிந்த 7 நாளுக்கும் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே. முன்னறிவிப்பில்லாமல் பத்துப் பேர் சேர்ந்து ஒரு நாள் வராமல் நின்றால் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கலாம். சட்டத்துக்கு உட்பட்டு வேலைநிறுத்தம் செய்ய விரும்பும் சங்கத்துக்குக்கூட நாள்காட்டியில் இடம் கிடைப்பது அரிது. இதைக் குறை என்று மட்டும் சொல்லி விட முடியாது, அநியாயம் என்றே சொல்வேன். ஒரே ஓர் ஆறுதல்: 51 சதவீதம் பேரின் ஆதரவு உள்ள சங்கத்தைப் பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்றே ஆகவேண்டும் என்று முதன்முறையாக நாடு தழுவிய சட்டத்தில் வந்திருக்கிறது. உறுப்பினர் பதிவேட்டையும் சந்தா ரசீதையும் ஒழுங்காக வைத்திருக்கிற சங்கத்துக்கே அது பயன்படும்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு என்றதும் சிஎஸ்ஆர் பற்றிப் பேச்சு வரும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, ஓர் அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்கிறது. சொந்த ஊழியர்களுக்குப் பயன்படும் செலவு இந்தக் கணக்கில் சேராது என்று விதியே சொல்கிறது. சம்பளத்தையும் ஹாஸ்டலையும் சிஎஸ்ஆர் என்று காட்டி ஏமாற்றக் கூடாது என்பதற்காக வந்த விதி, அந்த அளவில் சரியானதுதான். ஆனால் அதன் விளைவாகக் கம்பெனியின் பொறுப்பு என்று ஆண்டறிக்கையில் அச்சாகும் பக்கத்தில் அந்த ஆலையின் தொழிலாளி இருக்க மாட்டார். பள்ளிக் கழிப்பறையும் ஏரி தூர்வாரலும் இருக்கும். அவை தேவை. வேலை போனவரின் கணக்கோடு அவற்றைச் சேர்த்துக் குழப்பக் கூடாது.

ஆலைக்கு ஆர்டர் கொடுத்துப் பொருளை வாங்குகிற கம்பெனியைப் பிடித்தால் வேலை நடக்கும் என்பதற்கும் இங்கேயே சான்று இருக்கிறது. 2021 டிசம்பரில், ஆப்பிளுக்காக ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள், பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் சாப்பிட்ட சாப்பாட்டால் நூற்றுக்கணக்கில் நோயுற்றார்கள். விடுதி ஆலையுடையதல்ல; ஆள் எடுத்தது கான்ட்ராக்டர்; சமைத்தது இன்னொருவர். யார் பதில் சொல்வது என்று தெரியாத நிலையில், பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரம் நின்றது. ஆப்பிள் அந்த ஆலையைத் தன் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. விடுதிகளைச் சீர்படுத்தும் வேலை அதன் பிறகு நடந்தது. ஆர்டர் கொடுப்பவர் கேட்டால் நடக்கிறது. சாலையில் உட்காரும் வரை அவர் கேட்கவில்லை.

வேலையில்லாத் திண்டாட்டம் இவ்வளவு இருந்தால் புள்ளிவிவரத்தில் ஏன் தெரியவில்லை என்று கேட்பார்கள். அரசின் உழைப்புப் படை ஆய்வின்படி 2017–18இல் 6.1 சதவீதமாக இருந்த வேலையின்மை 2023–24இல் 3.2 சதவீதம். அதே ஆய்வில் 15 முதல் 29 வயதுள்ளவர்களுக்கு 10.2. வேலையில் இருப்பவர்களில் மாதச் சம்பள வேலை பார்ப்பவர் 22 சதவீதம் போலத்தான். 58 சதவீதத்துக்கு மேல் சுயதொழில், சம்பளமில்லாமல் குடும்பத் தொழிலில் உதவுவோரையும் சேர்த்து. இதே ஆய்வு வாரக் கணக்கில் எடுக்கும் இன்னோர் அளவில், வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் வேலை செய்தாலும் அவர் வேலையில் இருப்பவர். லைனில் எட்டு ஆண்டு நின்ற பெண் ஊருக்குத் திரும்பி அண்ணன் கடையில் சம்பளமில்லாமல் உட்கார்ந்தால், அவரும் வேலையில் இருப்பவரே. இழந்த சம்பளமும் பிஎஃப்பும் இஎஸ்ஐயும் இந்த எண்ணுக்குள் வராது. மறுபக்கம், 2024–25 பொருளாதார ஆய்வறிக்கையே சொல்கிறது: பெரிய கம்பெனிகளின் லாபம் ஒரே ஆண்டில் 22.3 சதவீதம் ஏறியது, ஆள் எண்ணிக்கை 1.5 சதவீதம்தான் ஏறியது. இதைச் சொன்னது எந்தச் சங்கமும் அல்ல, நிதியமைச்சகம்.

இனி வரப்போகும் ஆலைகளுக்காவது அரசு செய்யக்கூடியது உண்டு. நோக்கியாவுக்கு அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டின் நிலம் 200 ஏக்கருக்கு மேல் கொடுத்தார்கள். கட்டிய வாட் வரியைத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். ஆள் எடுப்பது பற்றிய பேச்செல்லாம் உள்ளே வரும்போதுதான். இன்று போடும் சலுகை ஒப்பந்தங்களில் மூன்று விஷயத்தைக் கேட்கலாம். வாக்களித்த வேலைகளில் கான்ட்ராக்ட் எத்தனை, நிரந்தரம் எத்தனை என்று தனித்தனியாக எழுத வேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் மூடினால் பெற்ற சலுகையில் ஒரு பகுதி திரும்ப வர வேண்டும், அதுவும் தொழிலாளர் இழப்பீட்டுக்கு முதலில் போக வேண்டும். விருப்ப ஓய்வில் போனவரையும் மூடலால் வேலை இழந்தவராகவே எண்ண வேண்டும், குறைந்தது மூடலுக்கு முந்தைய ஓராண்டுக்கு.

பணிக்கொடைக்கு முன்கூட்டியே காப்பீடு எடுக்க வைப்பது இதைவிட எளிது. கர்நாடகம் 2024 ஜனவரியிலேயே அதற்கு விதி கொண்டுவந்துவிட்டது: ஆலை நொடித்தாலும் பணம் காப்பீட்டு நிறுவனத்திடம் இருக்கும். ஆலை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே எந்தத் தொழிலாளியும் எச்ஆரிடம் கேட்கக்கூடிய கேள்வி இது. எங்கள் பணிக்கொடைக்கு எல்ஐசியிலோ வேறு எங்கோ குழுத் திட்டம் இருக்கிறதா, இருந்தால் பாலிசி எண் என்ன, கடைசியாகப் பணம் கட்டியது எந்த ஆண்டு? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.